நாவலேரிக் கோடி, நாற்பத்து நாலு கஜம்

1924 ஏப்ரல் 11. சைக்கிள், பழசு, ரஷீத் அஹமது கடை. ரூ. 38-0-0
1924 ஜூன் 6. கார்பைடு விளக்கு. ரூ. 3-4-0
1926 பிப்ரவரி 19. பின் டயர். ரூ. 4-2-0
1928 செப்டம்பர் 7. செயின். ரூ. 1-14-0
1930 அக்டோபர் 27. தபால் செலவு, கனத்த உறை, சென்னைக்கு. ரூ. 0-2-0
1930 நவம்பர் 20. தேங்காய்நார்க் கயிறு, இருபது முழம். ரூ. 0-3-0
1930 நவம்பர் 22. முன்சக்கரம், ஸ்போக் கம்பிகள், முனிரத்தினம் வண்டிக்கு. ரூ. 9-10-0

இந்த ஏழு வரிகளும் காசிநாதனுடைய கறுப்பு அட்டை நோட்டின் கடைசிப் பக்கத்தில் இருக்கின்றன. மற்ற பக்கங்களில் பாதைகள் இருக்கின்றன.

காசிநாதன் ஆம்பூரில் ஒரு பட்டை மண்டியில் எடை போடுகிறவர். தோல் பதனிட வேண்டிய ஆவாரம்பட்டை மலையடிவாரத்து ஊர்களிலிருந்து வண்டி வண்டியாக அங்கே வரும். அதை நிறுத்து, எழுதி, தோல் ஷாப்புகளுக்கு அனுப்புவது அவருடைய வேலை. பத்தொன்பது வயதில் அந்தத் தராசின் முன்னால் நின்றார். 1930-இல் அவருக்கு முப்பத்தேழு. அவர் போட்ட எடையை இன்னொரு தடவை போட்டுப் பார்க்கச் சொன்னவர் யாருமில்லை.

முதலாளி முஸ்லிம் ஆகையால் மண்டிக்கு வெள்ளிக்கிழமைதான் விடுமுறை. அன்று விடியற்காலையில் அவர் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். பெங்களூர் ரஸ்தாவில் ஏறமாட்டார். அதில் மோட்டார் பஸ் ஓட ஆரம்பித்திருந்தது. தோல் ஏற்றிய வண்டிகள் வேறு. மலையின் ஓரமாக ஏரிக்குப் பின் ஏரியாகக் கிடக்கும் கரைகளின் மேல் போவார். ஒரு கரை முடிந்தால் ஒரு வரப்பு, வரப்பு முடிந்தால் ஒரு வண்டித்தடம், அப்புறம் அடுத்த கரை. நாள் முழுக்க ஓட்டினாலும் நாலு ஆடு மேய்ப்பவர்களைத் தவிர எதிரில் யாரும் வரமாட்டார்கள்.

“வெள்ளிக்கெழமையானா இந்த மனுசன் எந்தச் சாமியக் கும்பிடப் போவுதோ தெரியல” என்பாள் மனைவி அமிர்தவள்ளி.

கூட வருவது சைக்கிள் கடைக்காரர் ரஷீத் அஹமது மட்டும்தான். பன்னிரண்டே முக்காலுக்குள் ஏதாவது ஒரு பள்ளிவாசலில் அவரைக் கொண்டுபோய்ச் சேர்த்துவிட வேண்டும், ஜும்மா தவறக்கூடாது. அதற்காகவே எந்த ஊரில் பள்ளிவாசல், எத்தனையாவது மைலில் என்பதும் நோட்டில் ஏறியது.

மைல் அளக்கக் காசிநாதனிடம் ஒரு வழி இருந்தது. முன்சக்கரத்து ஸ்போக் கம்பியில் செருப்புத்தோல் துண்டு ஒன்றைக் கட்டியிருந்தார். சக்கரம் ஒரு சுற்று சுற்றினால் அது சக்கரத்தைப் பிடித்திருக்கும் போர்க்கில் பட்டு ‘டப்’ என்று ஒரு தடவை அடிக்கும். இருபத்தெட்டு அங்குலச் சக்கரத்துக்கு ஒரு சுற்று எண்பத்தெட்டு அங்குலம். ஒரு மைலுக்கு எழுநூற்று இருபது ‘டப்’. எழுபத்திரண்டு ‘டப்’புக்கு ஒரு தடவை வலது பையிலிருந்து இடது பைக்கு ஒரு புளியங்கொட்டை போகும்.

“உன்னோட வர்றதுக்குப் பதிலா ஒரு கடியாரத்தோட வரலாம் காசி” என்பார் ரஷீத். “அதுவாச்சும் மணிக்கொரு தபா வாயத் தொறக்கும்.”

பாதை எழுதுவதில் காசிநாதனுக்கு ஒரே ஒரு விதி. தான் போய்ப் பார்க்காததை எழுதமாட்டார். மண்டியில் அப்படித்தான், வண்டிக்காரன் சொல்லும் எடை எடையல்ல, தராசு சொல்வதுதான் எடை. 1927-இல் நாவலேரிக் கரையை முதன்முறை அளந்தபோது, கோடியருகில் கோவிந்தம்மாள் என்ற பெண் புல் அறுத்துக்கொண்டிருந்தாள். கோடி என்பது ஏரி நிரம்பினால் மிச்சத் தண்ணீர் வழிந்து போவதற்காகக் கரையின் கோடியில் கல் பாவி விட்டிருக்கும் தாழ்வான இடம். அன்று அது காய்ந்து கிடந்தது. நாற்பத்து நாலு கஜம். வரிசையாக முழங்கால் உயரக் கற்கள் நட்டிருந்தார்கள். அவற்றை ஒட்டி, சைக்கிளிலிருந்து இறங்காமலே போகலாம்.

“தண்ணி போச்சுன்னா இந்தக் கல்லு மேல ஆடுகூட நிக்காது கணக்குப்புள்ள” என்றாள் கோவிந்தம்மாள். “அத்தயும் எழுதிக்கோ.”

“நீ எந்த வருசம் பாத்த?”

“என் மூத்த பொண்ணு பொறந்த வருசம்.”

“அது எந்த வருசம்?”

“அதெல்லாம் எனக்கின்னா தெரியும்? மழ பேஞ்ச வருசம்.”

வருஷமும் இல்லை, தேதியும் இல்லை. அவர் எழுதவில்லை. நோட்டில் இவ்வளவுதான் இருந்தது: ‘நாவலேரிக் கோடி. 44 கஜம். கல் பாவிய சமதளம். இறங்க வேண்டாம்.’

1930 ஆகஸ்டில் சென்னையிலிருந்து ஒரு கடிதம் வந்தது. எழுதியவர் முனிரத்தினம், ஓர் அச்சகத்தில் எழுத்துக் கோப்பவர். பைண்டிங் தோல் கொண்டுபோன ஆம்பூர் வியாபாரி ஒருவர் காசிநாதனைப் பற்றி அங்கே சொல்லியிருக்கிறார். ‘இருபத்திரண்டாம் வயதில் வந்த விஷஜுரத்தில் எனக்குக் காது போய்விட்டது. போன மாதம் பூந்தமல்லி ரஸ்தாவில் பின்னால் வந்த மோட்டார் பஸ் என் தோளைத் தட்டிவிட்டுப் போனது. சைக்கிளை விற்றுவிடு என்று அம்மா அழுகிறாள். மோட்டார் ஓடாத பாதை எங்கேயாவது இருந்தால் நாள் முழுக்க ஒரே ஒரு தடவை ஓட்டிப் பார்த்துவிட்டு விற்றுவிடுகிறேன்.’

காசிநாதன் இரண்டு மாதம் எடுத்துக்கொண்டு ஆம்பூரிலிருந்து திருப்பத்தூர் வரையுள்ள ஏரிப்பாதையைப் பதினெட்டுப் பக்கத்தில் நகலெடுத்து அனுப்பினார்.

நவம்பர் 19, புதன்கிழமை சாயங்கால ரயிலில் முனிரத்தினம் சைக்கிளோடு வந்து இறங்கினார். ஒல்லியான ஆள், முப்பது வயதிருக்கும். தன் குரல் தனக்கே கேட்காததால் சத்தமாகப் பேசினார். காசிநாதன் சிலேட்டில் எழுதிப் பதில் சொன்னார். வண்டியின் ஹேண்டில்பாரில் க்ஷவரக் கண்ணாடி ஒன்று கீல் வைத்து மாட்டியிருந்தது.

“பின்னாடி வர்றத இதுலதான் சார் பாப்பேன். நாளைக்கு மடக்கி வெச்சுடுவேன்” என்று சிரித்தார். “உங்க பாதையில பின்னாடி ஒண்ணும் வராதே!”

நான்கு நாளாக மலையில் மழை. ஆனால் வியாழக்கிழமை காலை வானம் கழுவிவிட்டாற்போல் இருந்தது. ஏழு மணிக்கு முனிரத்தினம் கிளம்பினார். மண்டிக்குப் போகவேண்டிய நாள் என்பதால் காசிநாதன் தெருமுனை வரை போய் வழியனுப்பிவிட்டுத் திரும்பினார்.

எட்டரை மணிக்குச் சர்தார் பாஷாவின் வண்டி வந்தது. விடியற்காலையே வந்திருக்க வேண்டிய வண்டி. பட்டை ஈரமாக இருந்தது.

“ஈரத்துக்குக் கழிப்பேன் பாஷா” என்றார் காசிநாதன். “ஏன் இவ்ளோ லேட்டு?”

“கழிச்சுக்கோ. உசுரோட வந்ததே ஜாஸ்தி. நாவலேரி ராத்திரி கோடி போயிருச்சு. ஊர்ல தேங்கா ஒடச்சு கெடா வெட்றாங்க. கரை வழியா வர முடியல, ஊரச் சுத்திக்கினு வந்தேன்.”

காசிநாதன் கையில் எடைக்கல் இருந்தது. அதைத் தராசில் வைக்கவில்லை, கீழேயும் வைக்கவில்லை.

“தண்ணி எவ்ளோ?”

“பாத்தா மொழங்காலுக்குக் கீழதான். எறங்கினா தெரியும். ராத்திரியே ஒரு எருமைய இழுத்துக்கினு போய்டுச்சாம்.”

அவர் எழுதிக்கொடுத்த கணக்குப்படி ஏரிப்பாதையில் நாவலேரிக் கரை பத்தொன்பதாவது மைல். மணிக்கு எட்டு மைல். பதினோராவது மைல் புளியந்தோப்பில் அரைமணி இளைப்பாறச் சொல்லியிருந்தார். ஒன்பது ஐம்பத்திரண்டுக்கு முனிரத்தினம் கரையேறுவார். அங்கிருந்து கோடி ஒன்றரை மைல். பத்து மணி அடித்துச் சில நிமிஷத்தில் அந்த மனிதர் கோடியில் இருப்பார். காதுள்ளவன் என்றால் இரண்டு பர்லாங்குக்கு முன்பே இரைச்சல் கேட்டு நின்றுவிடுவான்.

எடைக்கல்லைப் பாஷாவின் கையில் கொடுத்துவிட்டு ஓடினார். முதலாளி பின்னாலிருந்து கூப்பிட்டது காதில் விழுந்தது. பதினெட்டு வருஷத்தில் தராசைப் பாதியில் விட்டுப் போனது அதுதான் முதல் தடவை.

ரஷீத் கடையில் நின்று நாலு வார்த்தையில் சொன்னார். ரஷீத் கையிலிருந்த ஸ்பேனரைப் போட்டார்.

“பஸ்ஸு?”

“எட்டுக்குப் போய்டுச்சு. அடுத்தது பத்துக்கு.”

“அப்போ மிதி.”

பக்கத்துக் கடையில் கயிறு தொங்கிக்கொண்டிருந்தது. எதற்கு என்று அவருக்கே தெரியவில்லை, இருபது முழம் அறுத்து வாங்கிக்கொண்டார். இரண்டு பேரும் பெங்களூர் ரஸ்தாவில் ஏறினார்கள். ஆறரை வருஷமாக அவர் ஒதுக்கி வைத்த ரஸ்தா. ஆனால் ஏரிப்பாதை பத்தொன்பது மைல் என்றால் இது ஒன்பது மைல் போய், இடதுபக்கம் பிரியும் தடத்தில் ஐந்து. தோல் ஏற்றிய மாட்டுவண்டிகள் வரிசையாக வந்தன. எதிரே வந்த பஸ் ஹாரன் அடித்துக்கொண்டே சேற்றை வாரி இறைத்துவிட்டுப் போனது. சக்கரத்துத் தோல்துண்டு டப் டப் என்று அடித்தது. வேண்டாம் என்றாலும் மனம் எண்ணியது.

“நீ சரியாத்தானே எழுதின?” என்று மூச்சிரைக்கக் கேட்டார் ரஷீத்.

“பாத்தத எழுதினேன்.”

“அந்தப் புல்லுக்காரம்மா அன்னிக்கு உங்கிட்டச் சொல்லல? நானுந்தான் நின்னேனே.”

காசிநாதன் பெடலை மிதித்தார்.

தடத்தில் திரும்பி ஐந்தாவது மைலில் ரஷீத்தின் முன்சக்கரம் உஸ்ஸென்று இறங்கியது. கருவேலமுள். “நீ போ! நிக்காத, போ!” என்று அவர் கத்தினார். “நான் ஓடியாறேன்!”

கரையில் ஏறும்போது மணி பத்து அடித்து மூன்று நிமிஷம். ஈர மண்ணில் ஒற்றைத் தடம் புதிதாக, நேராகப் போயிருந்தது. இடப்பக்கம் ஏரி தளும்பி மலை வரைக்கும் ஒரே வெள்ளைத் தகடு. வலப்பக்கம் கீழே வயல்கள். அவர் இந்த ஏரியை நிறைந்து பார்த்ததே இல்லை.

ஏறுமிடத்திலிருந்து கோடிக்கு ஆயிரத்து எண்பது சுற்று. முந்நூறாவது சுற்றில் கரை வளைந்தது. அங்கிருந்து பார்த்தபோது தூரத்தில் வெள்ளைச் சட்டை தெரிந்தது, ஒரு வேலமரத்தைத் தாண்டிக்கொண்டிருந்தது. அந்த மரம் எழுநூறாவது சுற்று.

“முனிரத்தினம்!”

கத்திய பிறகுதான் நினைவு வந்தது. கண்ணாடி! அதுவும் மடங்கிக் கிடக்கும். பின்னால் ஒன்றும் வராது என்று எழுதிக்கொடுத்தவர் அவர்தான்.

கணக்குப் போட்டார். போடாமல் இருக்க அவரால் முடியவில்லை. முனிரத்தினத்துக்கு முந்நூற்று எண்பது சுற்று பாக்கி, நான்கு நிமிஷம். நான்கு நிமிஷத்தில் தன்னால் எவ்வளவு மிதித்தாலும் ஐந்நூற்று எழுபது. இருநூறு சுற்று குறைந்தது.

தொடை எரிந்தது. அப்போது வெள்ளைச் சட்டை நின்றது. தண்ணீரோரத்தில் நாரைகள் கூட்டமாக இறங்கியிருந்தன. முனிரத்தினம் ஒரு காலை ஊன்றிக்கொண்டு அவற்றைப் பார்த்தார். ஒரு நிமிஷம். இன்னும் ஒரு நிமிஷம் பார்க்கட்டும், பறந்துபோகாமல் இருக்கட்டும் என்று காசிநாதன் பல்லைக் கடித்து மிதித்தார். நாரைகள் பறந்தன. முனிரத்தினம் பெடலில் கால் வைத்தார்.

கோடிக்கு முன்னால் மறுபடி நின்றார். தண்ணீரைப் பார்த்தார். நின்றுவிட்டார், திரும்பிவிடுவார் என்றுதான் காசிநாதன் நினைத்தார். நடுவே அறுபது சுற்றுதான் இருந்தது. முனிரத்தினம் சட்டைப்பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து விரித்துப் படித்தார். இருபது மைலாக அதில் எழுதியிருந்த ஒவ்வொரு மரமும் கிணறும் எழுதிய இடத்திலேயே இருந்திருக்கின்றன. மடித்து உள்ளே வைத்தார். வண்டியில் ஏறி, தண்ணீருக்குள் ஓட்டினார்.

பதினோரு கஜம் போனார். பல வருஷத்துப் புழுதி ஊறிக் களிம்பாகியிருந்த கல்லின் மேல் சக்கரம் வழுக்கியது. சத்தமே கேட்கவில்லை, கோடியின் இரைச்சல் எல்லாவற்றையும் விழுங்கிவிட்டது. சைக்கிள் கிடையாகச் சாய்ந்து நட்டகல்லில் மோதியது. முனிரத்தினம் அடுத்த கல்லைக் கட்டிக்கொண்டார். அவருடைய வலது கை கல்லுக்கும் வண்டிக்கும் நடுவே சிக்கியிருந்தது. கற்களுக்கு அந்தப் பக்கம் இரண்டாள் பள்ளத்தில் தண்ணீர் பாறைமேல் விழுந்துகொண்டிருந்தது.

காசிநாதன் கரைமுனைப் பனையில் கயிற்றைக் கட்டினார். முடிச்சுப் போக ஒன்பது கஜம். இரண்டு குறைந்தது. வேட்டியை அவிழ்த்து முடிந்து நுனியை இடுப்பில் கட்டினார். ஆடுகூட நிற்காது என்றால் நிற்கக்கூடாது. தண்ணீரில் உட்கார்ந்தார். உட்கார்ந்தபடியே ஒவ்வொரு நட்டகல்லாகக் காலை உதைத்து நகர்ந்தார். தண்ணீர் விலாவில் அறைந்தது. ஒன்று. இரண்டு. மூன்று. ஏழாவது கல்லில் முனிரத்தினத்தின் கண்கள் அவரைப் பார்த்தன. அவற்றில் இருந்தது பயம் அல்ல, திகைப்பு. பின்னால் ஒன்றும் வராத பாதையில் இந்த மனிதர் எங்கிருந்து வந்தார் என்று கேட்பதுபோல.

வண்டியைக் காலால் உதைத்து விடுவித்தார். அது கற்களுக்கு நடுவே புரண்டு பள்ளத்தில் விழுந்தது. முனிரத்தினத்தின் இடுப்பைக் கட்டிக்கொண்டார். இழுக்க யாருமில்லை. இரண்டு பேர் கனத்துக்கு வேட்டி முடிச்சு நழுவுவது வயிற்றில் தெரிந்தது.

அப்போது கயிறு விறைத்தது. பனையடியில் ரஷீத், அவருக்குப் பின்னால் இடுப்பில் புல் அரிவாளோடு கோவிந்தம்மாள். இரண்டு பேரும் குதிங்காலைச் சேற்றில் ஊன்றி இழுத்தார்கள்.

கரையில் கிடத்தியபோது வலது கையில் இரண்டு விரல் தொங்கிக்கொண்டிருந்தது. எழுத்துக் கோக்கும் கை.

“அன்னிக்கே சொன்னேனே கணக்குப்புள்ள” என்றாள் கோவிந்தம்மாள். கோபம்கூட இல்லை அவள் குரலில். “எழுதிக்கோன்னு வாய்விட்டுச் சொன்னேனே. நான் சொன்னா எழுதமாட்டியா?”

“விடும்மா” என்றார் ரஷீத். “முதல்ல ஒரு வண்டி பாரு. தோஸ்த், நீ வேட்டியக் கட்டு, ஊரு பாக்குது.”

வாணியம்பாடியில் ஒரு வைத்தியர் விரல்களை மரப்பட்டை வைத்துக் கட்டினார். மூன்றாம் நாள் ரயிலடியில் காசிநாதன் சிலேட்டை எடுத்து எழுதினார். ‘1927-இல் அந்த அம்மா என்னிடம் சொன்னார். நான் நம்பாமல் இல்லை. தேதி இல்லை என்று எழுதவில்லை.’ முனிரத்தினம் இரண்டு தடவை படித்தார். இடது கையால் சிலேட்டைத் துடைத்தார். அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வண்டியில் ஏறினார். ரயில் போய்விட்டது.

பள்ளத்திலிருந்து எடுத்த வண்டிக்கு ரஷீத் புதுச் சக்கரம் போட்டு, கடையில் கொக்கியில் மாட்டினார். முதலாளி ஒரு வாரம் பேசவில்லை, பிறகு பேசினார். காசிநாதன் சென்னைக்கு ஐந்து கடிதம் எழுதினார். டிசம்பரில் இரண்டு, ஜனவரியில் இரண்டு, பிப்ரவரியில் ஒன்று. ஒவ்வொன்றிலும் வண்டியை என்ன செய்வது என்று கேட்டிருந்தார். பதில் இல்லை.

“வித்துட்டுப் பணத்த அனுப்பிடலாம் காசி” என்றார் ரஷீத். “அவரு இனிமே ஓட்டமாட்டாரு.”

“அவரு சொல்லட்டும்.”

அந்த மூன்று மாதமும் வெள்ளிக்கிழமைதோறும் அவர் பழைய பாதைகளுக்கே போனார். புளியங்கொட்டையை வீட்டில் வைத்துவிட்டார். ஆடு மேய்ப்பவர்கள், மடை திறப்பவர்கள், வண்டிக்காரர்கள் எல்லோரையும் நிறுத்தி, இங்கே என்ன கெடுதல் நேர்ந்திருக்கிறது என்று கேட்டார். நோட்டில் பக்கத்துக்கு ஒரு கோடு இழுத்து, மேலே ‘கேட்டது’ என்று எழுதி, கீழே சொன்னவர் பெயரை எழுதினார். முதல் வரி இது: ‘நாவலேரிக் கோடியில் தண்ணீர் போனால் ஆடும் நிற்காது. வழி இல்லை. கோவிந்தம்மாள், மூத்த பெண் பிறந்த வருஷம் பார்த்தது.’

பிறகு ஒரு கடிதம் வந்தது. இடது கையால் எழுதிய, சாய்ந்த பெரிய எழுத்து. ‘ஒரு விரல் மடங்குகிறது, ஒன்று மடங்கவில்லை. கோக்கும் வேலை போய்விட்டது. மூன்று மாதம் உங்கள் மேல் கோபமாக இருந்தேன், அதனால் எழுதவில்லை. திருப்பத்தூரில் என் சித்தப்பா மகன் சின்ன அச்சகம் வைத்திருக்கிறான், புரூப் பார்க்க ஆள் வேண்டுமாம். ஏப்ரலில் அங்கேயே வந்துவிடுகிறேன். வண்டியை விற்க வேண்டாம். ஆம்பூரில் இறங்கி அதிலேயே போகிறேன், நாவலேரி வழியாக. கோடி எப்படி இருக்கிறது என்று அந்த அம்மாவைக் கேட்டு வையுங்கள்.’

முனிரத்தினம் திருப்பத்தூருக்கு வந்தபின் வெள்ளிக்கிழமைகளில் அவர்கள் மூன்று பேராகப் போனார்கள். கடிதம் எழுதிக்கொள்ளத் தேவை இருக்கவில்லை. முனிரத்தினம் எழுதிய கடைசிக் கடிதமான அது ஆம்பூருக்கு வந்து சேர்ந்தது 1931 மார்ச் 6, வெள்ளிக்கிழமை.